உன் அப்பன் குரல் அந்தப் படத்தில் இல்லை

அம்மாபேட்டை, சேலம்-3
19-6-1983

அன்பு மகள் பாவாயிக்கு உன் சித்தப்பன் சுப்பையன் எழுதுவது. உன் சித்தி சௌந்திரமும் நானும் இங்கே உயிரோடும் ஓரளவு மரியாதையோடும் இருக்கிறோம். கொல்லிமலை மேல் உன் அப்பன் அரப்பளி எங்களைவிட நன்றாக இருக்கிறான். பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அதற்கும் மேலாக இருக்க வேண்டும். இங்கே மழை பெய்து எத்தனை நாளாயிற்று என்று கேட்காதே. மேட்டூர் அணை மீன்களெல்லாம் பஸ் ஏறிக் கேரளாவுக்குப் போய்விட்டதாகப் பேச்சு, டிக்கெட் கிழித்த கண்டக்டரே என்னிடம் சொன்னார். சித்திக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை. தைலம் தேய்த்துவிடுகிறேன், அவள் என்னைத் திட்டிக்கொண்டே தூங்கிப்போகிறாள், இருவருக்கும் நிம்மதி.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. வருகிற மூன்றாம் தேதி ஞாயிறன்று உங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் அப்பாவின் படம் போடுகிறார்கள், கூட வேலை பார்க்கும் நர்சுகள் பன்னிரண்டு பேரையும் மாமியாரையும் முன்வரிசையில் உட்கார வைத்து அப்பா பேசுவதைக் கேட்க வைக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். போன வருசம் நான் எழுதியதை நம்பித்தானே இத்தனையும் செய்கிறாய். உன் அப்பன் மூன்று பக்க வசனம் பேசினான், தியேட்டரில் பெண்கள் அழுத கண்ணீரை வாளி வைத்து இறைத்தார்கள் என்றெல்லாம் எழுதினேன். கண்ணு, அது பொய். அந்தப் படத்தில் உன் அப்பன் வாய் அசையும், குரல் அவனுடையது இல்லை. அத்தனை பேர் நடுவில் உட்கார்ந்து நீ அதைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்றுதான் இந்தக் கடிதம். சித்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எழுதுகிறேன், எங்கேயாவது அளந்தால் பேனாவைப் பிடுங்கிவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். மீன் சமாசாரம் அவள் அடுப்படிக்குப் போயிருந்தபோது எழுதியது.

உனக்கு நான் சொல்லி வளர்த்த கதை வேறு, நடந்தது வேறு. எழுபத்தொன்றில் சேலத்து ஸ்டுடியோ ஒன்றுக்குக் கூட்டத்தில் நிற்க ஆள் பிடித்துக் கொடுப்பது என் வேலை. ராஜா சேனை வேண்டும் என்றால் நம் தெருத் தறிக்காரர்களில் நூறு பேரை அள்ளிக்கொண்டு போய் நிறுத்துவேன். ஒருநாள் காட்டுவாசித் தலைவன் வேசத்துக்கு நிஜமான மலைக்காரன் வேண்டும் என்றார்கள். சேந்தமங்கலம் சந்தைக்குப் போனேன். மலையிலிருந்து அன்னாசி இறக்கி வந்து விற்றுக்கொண்டிருந்தான் உன் அப்பன். அவன் விலை கூவிய குரல் சந்தையின் அந்தக் கோடியில் என்னைப் பிடித்து நிறுத்தியது, ஒலிபெருக்கி வைத்திருந்த லேகியக்காரன் கடையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். மலைத் திருவிழாவில் ஆடும் சேர்வையாட்டத்துக்கு முன்பாட்டுப் பாடுகிறவன் அவன்தான் என்று பிறகு தெரிந்தது. அந்தக் குரலுக்காகத்தான் அவனைக் கூட்டி வந்தேன் என்பதை மட்டும் மறந்துவிடாதே. ஸ்டுடியோவில் டைரக்டர் கேட்டது ஒரே கேள்வி, இவனுக்குத் தமிழ் வருமா என்று. தமிழ் பேசுகிற மலைக்காரன் என்றால் கூட்டத்தோடு நிறுத்திவிடுவார்கள், தமிழே தெரியாதவன் என்றால் காமிரா பக்கத்தில் நிறுத்துவார்கள். அவன் பேச்சை எடுத்துச் சொல்கிறவன் என்று எனக்கும் ஒரு மடக்கு நாற்காலியும் மத்தியானச் சாப்பாடும் கிடைக்கும். நான் கொஞ்சமும் யோசிக்காமல், ஐயா, இவன் பாசை மலையில் இவனுக்கும் தேன்குருவிக்கும், கீழே எனக்கும் மட்டும்தான் தெரியும் என்றேன். பின்னால் நின்ற உன் அப்பன் என்னை ஒரு பார்வை பார்த்தான். அப்புறம் முகத்தை நிமிர்த்திக்கொண்டு, வளப்பூர் சேளூர் தேவனூர் தின்னனூர் குண்டூர் என்று மலைநாடுகளின் பேரை வரிசையாக முழங்கினான். உங்களைப் பார்த்தால் எங்கள் மலைத் தெய்வத்தைப் பார்த்தமாதிரி இருக்கிறது என்கிறான் என்று நான் எடுத்துச் சொன்னேன். டைரக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே வந்ததும், என்னைவிட மூத்தவன் மரியாதைக்கு அண்ணா போட்டு, "ஏனுங்கண்ணா, ஊருப் பேருக்கே இப்படிச் சொக்கிப்போறாரே, சர்வே நெம்பரைச் சொன்னா கட்டிப் புடிச்சுக்குவாருங்களா" என்று கேட்டான். இருவரும் பஸ் ஸ்டாண்டு வரை சிரித்துக்கொண்டே போனோம்.

ஒரு படத்தோடு போகும் என்றுதான் நினைத்தோம், பத்தொன்பது படம் ஆயிற்று. கதாநாயகனைக் கம்பத்தில் கட்டிச் சுற்றி ஆடுகிறவன், ஈட்டி பிடித்துக் குகை வாசலில் நிற்கிறவன், புலி அடித்துச் சாகிறவன். புலி கையால் மட்டும் ஆறு முறை செத்திருக்கிறான், அந்தப் புலிக்குப் பல்லே கிடையாது. எதிலும் ஹூ ஹா தவிர ஒரு சொல் இல்லை. பொய் வெளுத்துவிடக் கூடாது என்று படம் பிடிக்காத நேரத்திலும் அவன் வாயைத் திறக்க நான் விடவில்லை. அவனுக்குத் தமிழ் புரியாது என்று நினைத்து அவன் காதுபடவே எல்லாம் பேசினார்கள். இதுகள் குளிப்பதே இல்லை என்று முகத்தில் கரி பூசிக்கொண்டே மேக்கப்காரன் சொன்னான். உன் அப்பன் அருவியில் தினம் இரண்டு வேளை குளிக்கிறவன். ஒருநாள் மட்டும் என்னிடம், "அண்ணா, காட்டுவாசியா நிக்கறது நடிப்பில்லீங்க, இதெல்லாம் புரியாத மாதிரி மூஞ்சிய வச்சுக்கறேன் பாருங்க, அதுதான் நடிப்பு" என்றான். நான் அதையும் ஒரு வேடிக்கையாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இதைவிடப் பெரிய தப்பு எழுபத்தேழில் செய்தேன். வேறொரு டைரக்டர் அவன் கண்ணைப் பார்த்துவிட்டு, மகனைப் பறிகொடுக்கும் ஒரு தகப்பன் வேசம் இருக்கிறது, நாலு இடத்தில் பேச வேண்டும், இவனுக்குப் பேச்சு வருமா என்று கேட்டார். ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஆறு வருசப் பொய் உடைபட்டுப் போகுமே, ஸ்டுடியோ வாசலில் என்னை ஏற்றமாட்டார்களே என்று பயந்து, சுத்தமாக வராதுங்க என்றேன். அவன் பக்கத்தில்தான் நின்றான். அவனோடு நானும் ராசிபுரம் வரை பஸ்ஸில் போனேன். இறங்கும்போது, "உடுங்கண்ணா, பசங்களுக்குப் பொரி வாங்கிட்டுப் போலாம்" என்றான். நீ அப்போது எங்கள் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய், படத்தில் அப்பா ஏன் பேசுவதே இல்லை சித்தப்பா என்று அந்த வாரம்தான் கேட்டாய். ராஜாக்கள் பேச மாட்டார்கள், கையைத்தான் காட்டுவார்கள் என்றேன். நீயும் நம்பினாய்.

எண்பத்திரண்டில் மெட்ராசிலிருந்து ஒரு சின்ன வயசு டைரக்டர் வந்தார், மகளைப் படிக்கப் பட்டணம் அனுப்பும் ஒரு மலைக்காரத் தகப்பன் வேண்டும் என்றார். இந்த முறை நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டு, பதினோரு வருசமா என்று மட்டும் கேட்டார். வாழப்பாடியில் ஒரு பஸ் நிறுத்தத்தில் படம் பிடித்தார்கள். எழுதிக் கொடுத்த வசனத்தை விட்டுவிட்டு உன் அப்பன் தானாகப் பேசினான். டைரக்டர் கட் சொல்லாமல் காமிராவை ஓடவிட்டார், லைட்டுக்காரன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். சௌந்திரம், இது அளப்பு இல்லை, நான் பார்த்தது.

படம் வந்ததும் சேலத்தில் முதல் ஆட்டத்துக்கு அவனோடு போய் உட்கார்ந்தேன். அந்த இடம் வந்தது. மெட்ராசில் யாரோ ஒருவர் குழந்தை மாதிரி மழலைக் குரலில், நீ போ, பட்டணம் பெரிசு, நான் காடு என்று பேசினார். கொட்டகையே சிரித்தது. மலைக்காரன் இவ்வளவு நன்றாகத் தமிழ் பேசினால் ஜனங்கள் நம்ப மாட்டார்கள், இந்த ஆள் பத்தொன்பது படத்தில் ஹூ ஹா என்றுதானே கத்தியிருக்கிறான் என்று சொல்லி முதலாளிகள் குரலை மாற்றிவிட்டார்களாம், டைரக்டர் சண்டை போட்டும் நடக்கவில்லையாம். அவர்களை நான் எப்படித் திட்டுவது. ஜனங்களுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தவன் நான்தானே. வெளியே வந்து உன் அப்பன், "பாவம், அந்த ஆளுக்கு மூச்சு பத்தல, எனக்கு முன்னாலயே முடிச்சுப்போட்டாரு" என்றான். அன்றைக்கு மலையேறியவன்தான், பிறகு படத்துக்காகக் கீழே இறங்கவே இல்லை. தைப் பொங்கல் கழித்து ஒரு கம்பெனிக்காரர்கள் வேசம் சொல்லி வந்தார்களாம், வளப்பூர் சேளூர் தேவனூர் என்று நாட்டுப் பேர் சொல்லியே அவர்களை அனுப்பிவிட்டான்.

வெள்ளிக்கிழமை உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். பார்க்க வேண்டாம் என்று அவளுக்கு எழுதிவிடட்டுமா என்று கேட்டேன். மிளகைக் காயப்போட்டுக்கொண்டே, "பாக்கட்டுமுங்க, நான் அங்க என்ன பேசுனேன்னு மட்டும் எழுதிருங்க" என்றான். நீயே சொல்லு, உன் பேரிலேயே எழுதுகிறேன் என்றால், "இத்தன வருசம் எனக்கு நீங்கதான பேசுனீங்க, இதையும் நீங்களே எழுதுங்க, அளக்காம எழுதுங்க" என்றான். அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும்.

எண்பதில் உன்னைப் பிலாய்க்கு ரயில் ஏற்றிவிட்டது நினைவிருக்கிறதா. ரயில் நின்ற பத்து நிமிசத்தில் ஒன்பதரை நிமிசம் நான் பேசினேன், அவன் வாயைத் திறப்பதற்குள் விசில் ஊதிவிட்டது. அன்றைக்கு உன்னிடம் சொல்ல முடியாததைத்தான் வாழப்பாடியில் காமிரா முன்னால் சொன்னான். படத்தில் அந்தப் பெண்ணுக்கு வேறு பேர், அவன் பாவாயி என்றுதான் கூப்பிட்டான், உதட்டைக் கவனித்தால் தெரியும். அந்த மழலைக் குரல் முடிந்த பிறகும் அவன் உதடு ரொம்ப நேரம் அசைந்துகொண்டே இருக்கும், அந்த இடத்தை விட்டுவிடாதே. அவன் சொன்னது இவ்வளவுதான்: "பாவாயி, நீ போறது எனக்குப் புடிக்கல சாமி. புடிக்கலன்னு சொன்னா நீ நின்னுருவ, அதனாலதான் இத்தன நாளாச் சொல்லாம இருந்தேன். போயிட்டு வா. அங்க உன்னைய என்ன சொன்னாலும் பேசாம நிக்காத. உனக்குப் புரியுதுன்னு அவங்களுக்குத் தெரியோணும். நான் பேசாம நின்னு பழகிட்டேன், அது உனக்கு வேண்டாம்." ஒரு சொல்லும் நான் சேர்க்கவில்லை, சித்தி இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டாள்.

அரப்பளீசுவரர் உனக்கும் மாப்பிள்ளைக்கும் நீண்ட ஆயுளும் குழந்தைக்கு நல்ல தேக சுகமும் கொடுக்கட்டும். உன் மாமியாருக்கு எங்கள் வணக்கம். குழந்தைக்குச் சளி பிடித்தால் உடனே மருந்து கொடுத்துவிடாதே, நர்சுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். படம் பார்த்துவிட்டு உன் அப்பனுக்கு எழுது, என் விலாசத்துக்கு வேண்டாம், செம்மேடு தபாலாபீசுக்கே எழுது. அங்குள்ள தபால்காரர் பெரியசாமி எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், ரொம்ப மெதுவாகப் படிப்பார், ஆனால் இருப்பதை மட்டும்தான் படிப்பார்.

இப்படிக்கு, உன் அப்பனை இத்தனை வருசம் பேசவிடாத உன் சித்தப்பன்,
அ. சுப்பையன்