வந்த காரணம்: குடை

மார்ச் 17, திங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று காலை அலுவலகப் பூட்டைத் திறந்ததும், விளக்கைக்கூடப் போடாமல், முதலில் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். மார்ச் 5, புதன், பகல் ஒன்று பத்து. உன் பெயர், உன் கையெழுத்து. 'வந்த காரணம்' என்ற கட்டத்தில் என் எழுத்தில் 'குடை'. எல்லாம் அப்படியே இருந்தது. பின்னே, கால் முளைத்து நடந்து போயிருக்குமா என்று கேட்பாய். பயந்தவளுக்கு அப்படியும் ஓர் ஆசை வருகிறது.

போன் வேண்டாம் என்று நீ சொன்னதால் எழுதுகிறேன். நீ சொன்னது சரிதான். எதிர்ச்சாரியில் மூன்று நாளாக ஒரு பைக் நிற்கிறது. அதில் உட்கார்ந்திருப்பவன் ஹெல்மெட்டைக் கழற்றுவதே இல்லை. எங்கள் அமைப்பின் செயலாளர் கமா ஐயா (எதை எழுதிக் கொடுத்தாலும் முதலில் கமாவைத் திருத்துவார், அதனால் வந்த பெயர்) ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, "மழையும் இல்ல, வண்டியும் ஓட்டல. ரொம்ப ஜாக்கிரதையான ஆளு" என்றார். சிரித்தேன். சிரித்து முடித்ததும் ஜன்னலைச் சாத்தினேன்.

என் வேலையைப் பற்றி நீ ஒருநாளும் கேட்டதில்லை. "ஊர் வம்பு" என்று விட்டுவிடுவாய். இப்போது கேட்டுக்கொள். ஆறு வருடமாக ஒரே ஒரு சட்டத்துக்காக அமைச்சகத்துக்கும் எங்கள் அலுவலகத்துக்குமாக நடையாய் நடக்கிறோம். ஒவ்வொரு கம்பெனியின் உண்மையான உரிமையாளர் யார் என்பது பதிவாக வேண்டும், அதை எவரும் பார்க்க முடிய வேண்டும். ஒரு டிரைவர் பெயரில் பதினோரு கம்பெனிகள் இருந்தன. அவருக்கே அது தெரியாது, நாங்கள் போய்ச் சொன்னபோது தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். கடைசியில் அரசு இறங்கி வந்து மசோதா எழுதியது. 'பொதுமக்கள் எவரும் பார்க்கலாம்' என்று அதில் ஒரு வரி இருந்தது. அதைப் பிறகு அடித்துவிட்டார்கள். அடித்த பக்கத்தின் நகல், ஓரத்தில் ஒரு பெரிய கம்பெனி வக்கீலின் கைக்குறிப்போடு, எங்களுக்கு வந்தது. பழைய பக்கத்தையும் புதிய பக்கத்தையும் அடுத்தடுத்து வைத்து வெளியிட்டோம். அந்த நகல் கருத்துக் கேட்டுப் போயிருந்தது உங்கள் கம்பெனிப் பதிவாளர் அலுவலகத்துக்கு, அதிலும் உன் பிரிவுக்கு என்பது எனக்கு அப்போது தெரியாது.

நீ வந்தது குடையைத் திருப்பிக் கொடுக்க. "ஒரு குடைக்கு ஒரு கையெழுத்தாடி?" என்று கேட்டாய். இங்கே யார் உள்ளே வந்தாலும், தபால்காரர் உட்பட, எழுத வேண்டும். மாதத்தின் முதல் திங்களன்று அதை அப்படியே இணையத்தில் போடுவோம். ஊரைத் திறந்து காட்டச் சொல்கிறவர்கள் தங்கள் கதவைச் சாத்தி வைக்கலாமா என்று உன்னிடம் பெருமை பேசினேன். பேனாவையும் நானேதான் நீட்டினேன்.

வரும் முதல் திங்கள், ஏப்ரல் 7. உங்கள் அலுவலகத்தில் விசாரணை தொடங்கிவிட்டதாமே. உன்னிடம் என்ன கேட்டார்கள்? எழுது.

உன் வால்

*

மார்ச் 20

வாலுக்கு,

இந்தப் பெயரைச் சொல்லி உன்னைக் கூப்பிடக் கூடாது என்ற கோபத்தோடுதான் உட்கார்ந்தேன். நாற்பத்து நான்கு வயதிலும் என் பின்னாலேயே வந்து எதையாவது தட்டிவிடுகிறாய்.

விசாரணை அதிகாரி கத்துகிற ஆளாக இருந்தால் தேவலை. இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "டீ சொல்லட்டுமாம்மா?" என்கிறார். "அந்தப் புதன்கிழமை மத்தியானம் ஒண்ணேகால் மணி நேரம் சீட்ல இல்லையே, எங்க போயிருந்தீங்க?" என்றார். உன் அலுவலகத்தின் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. தங்கை அங்கே வேலை செய்கிறாள் என்பதையே இங்கே நான் யாரிடமும் சொன்னதில்லை. "பல் டாக்டர்கிட்ட" என்றேன். "அடடா, எந்தப் பல்லும்மா?" என்றார். இடது பக்கம், கீழே காட்டினேன். அன்றிலிருந்து அலுவலகத்தில் வலது பக்கமாகவே மெல்லுகிறேன். சிரிக்காதே. இப்போது அந்தப் பல் நிஜமாகவே வலிக்கிறது.

நகல் போன மேஜைகள் நான்கு. அதில் என் மேஜையும் ஒன்று. நான் அந்தக் காகிதத்தைப் படிக்கக்கூட இல்லை, முத்திரை குத்தி உள்ளே வைத்தேன், அவ்வளவுதான். யார் கேட்கப் போகிறார்கள்? பக்கத்து மேஜைக்காரி ஒருத்திதான் என்னோடு சாப்பிடுகிறாள். உனக்கு அவளைத் தெரியும், அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும் என் வேலையையும் சேர்த்துச் செய்தவள். அவளுக்கும் பயம்தான். டப்பாவைத் திறக்கிறாள், மூடுகிறாள்.

உன் அத்தானிடம் இன்னும் சொல்லவில்லை. நீ ஒன்றே ஒன்று செய். அந்தப் பதிவேட்டில் என் வரியை எடுத்துவிடு. ஒரு வரிதானே. அக்காவுக்காக.

அக்கா

*

மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

முயன்று பார்த்தேன். என்னை நானே மதிக்க முடியாத ஒரு காரியம், ஆனாலும் போய் கமா ஐயாவின் முன்னால் நின்றேன்.

"ஐயா, இந்த மாசம் இணையத்துல போடறப்ப ஒரு வரி வேண்டாமே."

"யாரோட வரி?"

"எங்க அக்காவோடது."

கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "அவங்க அடிச்சதும் ஒரே ஒரு வரிதாம்மா" என்றார். திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

அதோடு அது பக்க எண் அச்சிட்ட, தைத்த நோட்டு. உனக்கு மேலே ஒரு பத்திரிகைக்காரர் கையெழுத்துப் போட்டிருக்கிறார், கீழே குடிநீர் கேன் போடுபவர். நடுவில் ஒரு வரி காணாமல் போனால் அதுவே உன்னைக் காட்டிக்கொடுக்கும்.

ஆனால் அக்கா, இதைக் கவனமாகப் படி. அதே பதிவேட்டில் இரண்டு நாள் முன்னால், மார்ச் 3, திங்கள்: 'தபால் உறை ஒன்று. அனுப்பியவர் பெயர் இல்லை.' நகல் வந்தது அதில்தான். நீ வந்தது புதன். இந்த நோட்டை விட்டால் உனக்கு வேறு சாட்சி கிடையாது. உறையும் என் இழுப்பறையில் இருக்கிறது. எங்களுக்கு வந்த எந்தத் தாளையும் நாங்கள் அழிப்பதில்லை, அதுவும் இங்கே ஒரு விதி. நீல மையில் கையால் எழுதிய விலாசம். யாருடைய எழுத்து என்று தெரியவில்லை, தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை.

பல் டாக்டர் பொய்யை மட்டும் நீயே முந்திக்கொண்டு சொல்லிவிடு. மற்றதை நோட்டு பேசும்.

நேற்று வீட்டுக்குத் திரும்பியபோது வெளிக்கதவின் தாழ்ப்பாள் திறந்து கிடந்தது. நான் போட்டேனா இல்லையா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பைக் ஆளை இரண்டு நாளாகக் காணோம். நின்றபோதாவது எங்கே இருக்கிறான் என்று தெரிந்தது.

உன் வால்

*

மார்ச் 27

வாலுக்கு,

முந்திக்கொள்ள எனக்கு நேரம் தரவில்லை. "தங்கச்சி எங்க வேலை செய்யறாங்கன்னு நீங்க சொல்லவே இல்லையேம்மா" என்றார் அவர், அதே டீ கேட்கிற குரலில். பல்லைப் பற்றியும் விசாரித்திருக்கிறார். அந்த டாக்டர் அன்று ஊரிலேயே இல்லையாம்.

என் மேஜைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். வாசல் பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாரும் என்னைப் பார்த்ததும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார்கள். உன் அத்தானுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு நாளாக அவரே துணி மடிக்கிறார்.

ஏப்ரல் 2, காலை பத்து மணிக்குக் கடைசி விசாரணை. என்னை வேலையை விட்டு அனுப்புவதோடு நிற்காது, வழக்கு என்கிறார்கள். நோட்டு மட்டும் போதாது, உங்கள் ஆட்கள் உங்கள் கையால் எழுதிய நோட்டுதானே என்பார்கள். நீ அந்த உறையை எடுத்துக்கொண்டு வா. தபால் முத்திரையில் தேதி இருக்கும், கையெழுத்து யாருடையது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். நான்கு மேஜையில் எவனோ எவளோ செய்ததற்கு நான் ஏன் சாக வேண்டும்? சட்டம் உனக்கு ஆறு வருடம். நான் உனக்கு நாற்பத்து நான்கு வருடம்.

கை நடுங்குகிறது. உறைமேல் உன் வீட்டு விலாசத்தை என்னால் எழுத முடியவில்லை. பக்கத்து மேஜைக்காரி வாங்கி எழுதித் தந்தாள். "நீங்க சொல்லுங்கக்கா, நான் எழுதறேன்" என்று அவள்தான் கேட்டு வாங்கினாள். எழுதிவிட்டு என்னைவிட அவள் அதிகம் அழுதாள். அவளைப்போல் ஒருத்தி இல்லாவிட்டால் நான் என்றோ விழுந்திருப்பேன்.

அக்கா

*

மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஏப்ரல் 2 காலை ஒன்பதரைக்கு உன் அலுவலக வாசலில் நிற்பேன், நோட்டோடு. கமா ஐயாவும் வருகிறார். நீ பயப்படாமல் தூங்கு. யாருடைய கையெழுத்து என்று கேட்டால் தெரிந்ததை மட்டும் சொல்.

வலது பக்கமாக மெல்லுவதை நிறுத்திவிடு.

உன் வால்

*

ஏப்ரல் 2, காலை

அக்கா,

இதை நான் தபாலில் சேர்க்கப் போவதில்லை. உன்னிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்து எனக்குப் பழக்கமில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை உன் கடிதத்தை வாசலில் வைத்தே பார்த்தேன், பிரிக்கும் முன்னால். நீல மை. வீட்டு எண்ணில் இருக்கும் ஏழுக்குக் குறுக்கே ஒரு சின்னக் கோடு. ஊர்க் குறியீட்டு எண்ணுக்கு அடியில் இரண்டு கோடுகள், முடிவில் ஒரு புள்ளி. இதே எழுத்தை அலுவலகத்து உறையில் பார்த்திருக்கிறேன். உள்ளே போய்க் கதவைத் தாழிட்டேன், தாழிட்டதை மூன்று தடவை தொட்டுப் பார்த்தேன். திங்களன்று அலுவலக இழுப்பறையைத் திறந்து பழைய உறையை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒரே கை.

பக்கத்து மேஜைக்காரி, அக்கா. அம்மாவின் பதினோரு நாள்.

உன்னிடம் கேட்டு வாங்கி அவள் ஏன் எழுதினாள் என்று நான்கு நாளாக யோசிக்கிறேன். நான் பார்ப்பேன் என்று அவளுக்குத் தெரியும். அக்காவைக் காப்பாற்ற என்னைக் காட்டிக்கொடு என்று சொல்கிறாளா? தானாகச் சொல்ல தைரியம் வரவில்லை, நீ சொல் என்கிறாளா? இல்லை, என்னை விட்டுவிடு என்று கும்பிடுகிறாளா? ஒரு விலாசத்தில் இதற்குமேல் படிக்க முடியவில்லை. அவளிடம் போய்க் கேட்டால் அதுவே அவளைக் கொன்றுவிடும்.

இந்த உறையை நான் இன்று மேஜையில் வைத்தால் நீ பத்து நிமிடத்தில் வீடு திரும்பலாம். எழுத்தை முதலில் அடையாளம் காண்பவளும் நீதான். அவர் டீ சொல்வதற்குள் உனக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு நீ யாரோடு சாப்பிடுவாய்?

கமா ஐயாவுக்குத் தெரியாது. தெரிந்தால் அவர் விதியைச் சொல்வார், அவர் சொல்வதும் சரியாகத்தான் இருக்கும். வக்கீலிடம் வேறு யாருக்கோ கேட்பது மாதிரி கேட்டேன். "விசாரணையில இருக்கற காகிதத்தை அழிச்சா அது தனிக் கேஸும்மா, ஒரு வருஷம் வரைக்கும் உள்ள வைக்கலாம்" என்றார். "யாருக்கும்மா?" என்றும் கேட்டார். தெரிந்தவர் ஒருத்தருக்கு என்றேன். உன் பல் டாக்டர் ஞாபகம் வந்தது. பொய் சொல்வதில் நாம் இருவரும் ஒரே ஸ்கூல்.

இன்று அங்கே நான் பொய் சொல்லப் போவதில்லை. நகல் மூன்றாம் தேதி தபாலில் வந்தது, என் அக்கா ஐந்தாம் தேதி குடையோடு வந்தாள், இதோ நோட்டு என்பேன். உறை எங்கே என்பார். இருந்தது, நான் எரித்துவிட்டேன் என்பேன். ஏன் என்பார், பதில் சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு அவருடைய கண் உன்மேல் இருக்காது. குற்றத்தை ஒத்துக்கொண்டு ஒருத்தி எதிரே உட்கார்ந்திருக்கும்போது வாசல் நாற்காலியில் இருப்பவளை யார் பார்ப்பார்கள்? இது என் கணக்கு. தப்பாகவும் போகலாம். அப்போது உன்னைக் காப்பாற்ற என் கையில் ஒன்றுமே இருக்காது, நீயும் என்னை மன்னிக்க மாட்டாய். அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் கணக்கை முதலிலிருந்து போட்டுப் பார்க்கிறேன்.

இங்கே இனி எனக்கு வேலையும் இல்லை. தாளை அழித்தவள் அந்த மேஜையில் உட்காரக் கூடாது.

அடுப்பைப் பற்றவைத்துவிட்டேன். பால் வைக்கவில்லை. அவள் எழுதிய இரண்டு உறைகள், அவள் யார் என்று சொல்லும் இந்தத் தாள், மூன்றும் பக்கத்தில் இருக்கின்றன. நேற்றே வீட்டுக்கு எடுத்து வந்த நோட்டைத் திறந்து இன்றைய பக்கத்தில் முதல் வரியை எழுதியாகிவிட்டது: 'ஏப்ரல் 2, காலை 6.40. வெளியே போனது: தபால் உறை ஒன்று. எரித்தவர்: நான்.' கீழே கையெழுத்தும் போட்டுவிட்டேன். திங்களன்று கமா ஐயா அதை அப்படியே இணையத்தில் போடுவார், கமாவைக்கூடத் தொடாமல்.

'காரணம்' கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.