ரேடியேட்டர் மூடி

என் வீட்டுக்காரிக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், உன் அண்ணனிடம் மட்டும் சொல்லிவிடாதே. கம்பெனியின் கிழட்டு வேனுக்கு ரேடியேட்டர் தண்ணீர் என்று மூன்று வாரமாக நான் ஊற்றியதெல்லாம் கண்ணாடி கழுவும் டப்பாவுக்குள் போயிருக்கிறது. கண்ணாடி பளபளத்தது. என்ஜின்தான் போன வாரம் மெக்கானிக் கடை வாசலில் புகைந்து நின்றது.

உன் முழங்கால் வலி தேவலையா? பிள்ளைகள் சௌக்கியமா?

மெக்கானிக் ஓடி வந்தார். "அண்ணே, கொதிக்குது! ஆறட்டும், மூடியில கை வெக்காதீங்க."

"இருபது வருஷமா ஸ்டீயரிங் பிடிக்கிறேன் தம்பி, எனக்கே பாடமா?"

"ஸ்டீயரிங்தானே பிடிச்சீங்க?"

ரோஷத்தில் இரண்டு கையாலும் மூடியைத் திருகிவிட்டேன். கொஞ்சம் ஆவி பட்டது. கடுகு தாளிக்கும்போது உனக்குத் தெறிக்குமே, அவ்வளவுதான். முதலாளி பெரிய மனசு பண்ணி ஒரு மாதம் ஓய்வு கொடுத்திருக்கிறார். அறையில் சுவரோடு பேசிக்கொண்டிருக்கிறேன். அது உன்னைப்போல் எதிர்த்துப் பேசுவதில்லை.

பொத்தான் வைக்காத சட்டை இரண்டு அனுப்பு. அடிக்கடி எழுது. ஒரே பக்கத்தில் எழுது, தாளைத் திருப்பச் சோம்பலாக இருக்கிறது.

மெக்கானிக்குக் கடை திறக்க நேரமாகிவிட்டதாம், முடிக்கிறேன். கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பயப்படாதே. நான் சொல்லச் சொல்ல அவர்தான் எழுதுகிறார்.