கும்பாலா விடுபட்ட பட்டியல்

மார்ச் 4
மாவட்டத்தை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஓடைக்கு வடக்கே உள்ள ஊர்களைத் தட்டச்சு செய்வது என் வேலை. நண்பன் பாயுவோ வந்தான். அவன் தகாபா, நான் ஃப்ராஃப்ரா. எங்கள் இரண்டு இனத்துக்கும் கேலி உறவு. என்ன சொன்னாலும் கோபப்படக் கூடாது.

"டேய் நாய்த்தலை தின்னி, எங்க கும்பாலா இருக்கா அதுல?"

அவன் கண்முன்னாலேயே அந்தப் பெயரை அழித்தேன். "இப்ப உனக்கு ஊரே இல்ல. எங்க வீட்டு அடிமையா வந்துடு."

வயிறு வலிக்கச் சிரித்தோம். நாளை சேர்த்துவிட வேண்டும்.

மார்ச் 8
மூன்று நாள் மலேரியா. அதற்குள் பட்டியல் கையெழுத்தாகித் தலைநகர் அக்ராவுக்குப் போய்விட்டதாம். அதிகாரியிடம் சொன்னால் வேலை போகும்.

மார்ச் 9
சொல்லவில்லை.

ஜூலை 20
அரசாணை வந்தது. கும்பாலா புது மாவட்டத்திலும் இல்லை, பழையதிலும் இல்லை.

"அன்னிக்கு அழிச்சியே, திரும்பச் சேத்தியா இல்லியா?" என்று பாயுவோ கேட்டான்.

"சேத்தேன்டா. அக்ராவுல எவனோ கோட்டை விட்டுட்டான்."

நம்பிவிட்டான். அவன் மனைவி டொமிதில்லாவுக்கு இது ஏழாம் மாதமாம்.

செப்டம்பர் 15
டொமிதில்லா செத்துப்போனாள். வயிற்றுப் பிள்ளையும். ஆம்புலன்ஸுக்கு இரண்டு மாவட்டத்திலும் கெஞ்சியிருக்கிறான். "உங்க ஊரு எங்க பட்டியல்ல இல்லியே" — இரண்டு பக்கமும் அதே பதில். மோட்டார் சைக்கிளில் வைத்து ஓடை வரை கொண்டுபோனான். ஆஸ்பத்திரி அக்கரையில்; ஓடையில் வெள்ளம். நானெல்லாம் ஒரு மனுஷனா?

செப்டம்பர் 17
சாவு வீட்டில் கேலி உறவுக்காரன் கோமாளித்தனம் செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் இறந்தவளுக்கு அவமானம். தகாபா வழக்கப்படி மேடையில் அவள் உடலை உட்காரவைத்திருந்தார்கள். எதிரே மண்ணில் விழுந்து, "இவ சமையலத் தின்னு நானும் செத்துட்டேன்" என்றேன். அழுதவர்கள் சிரித்தார்கள்.

பாயுவோ எழுந்தான். நேற்று எங்கள் அலுவலகத்துக்குப் போய், நான் தட்டச்சு செய்த பட்டியலின் நகலைப் பார்த்திருக்கிறான்; அதிலேயே கும்பாலா இல்லை. என்னைக் காட்டி, "இவன்தான் எங்க ஊர அழிச்சவன். என் பொண்டாட்டியக் கொன்னவன்" என்றான்.

கூட்டம் கைதட்டிச் சிரித்தது. கேலி என்று நினைத்துவிட்டார்கள்.

"ஆமா, நான்தான்" என்றேன்.

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அவன் மட்டும் சிரிக்கவில்லை.

நவம்பர் 2
சந்தையில் பாயுவோவைப் பார்த்தேன். நானே முந்திக்கொண்டு, "என்னடா அடிமை, எசமானைப் பாத்து ஒதுங்கிப் போற?" என்றேன். அடிக்கட்டும், காறித் துப்பட்டும் என்றுதான்.

நின்றான். "வணக்கங்க ஐயா. நல்லா இருக்கீங்களா?" என்றான்.

பதினாறு வருடப் பழக்கத்தில் அவன் எனக்கு மரியாதை கொடுத்தது இதுவே முதல் தடவை.