அது விழித்துப் பார்த்த முகம்

காபி டம்ளரை வாயருகே கொண்டுபோனபோது விரல்களில் ஸ்பிரிட்டும் உப்பும் கலந்த வாசனை வந்தது. சோப்பு போட்டுக் கழுவியும் போகவில்லை. உன் கையில் எப்போதும் இருந்த வாசனை இது. லிங்கராஜபுரம் பஸ்ஸில் யாராவது மூக்கைச் சுளித்தால், "ஆஸ்பத்திரியும் மீன் மார்க்கெட்டும் ஒரே சீட்ல வருதுங்க, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்பாய். பக்கத்தில் நான் சிரிக்காமல் உட்கார்ந்திருப்பேன். இன்று வாசனை என் கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் உன்மேல் பொறாமைதான் வருகிறது. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது, அது குறையவில்லை.

நாம் இருவரும் ஒரே நாளில்தான் அந்த ஆய்வகத்தில் சேர்ந்தோம். மண்டபம் கடற்கரையிலிருந்து ஆக்டோபஸ் வண்டி வரும்போது இருவருமாகத்தான் அத்திபெலே எல்லைச் சாவடி வரை போய் நிற்போம். ஓட்டுநர் உன்னைக் கண்டதும், "அக்கா, உங்க பேய்க்கணவாய் பத்திரம்" என்பார், ஆக்டோபஸுக்கு அவர் ஊர்ப் பெயரில். என்னைக் கண்டால் வண்டியைப் பின்னால் எடுக்க வழிகேட்பார். தொட்டியிலும் அதே கதைதான். உன் நிழல் விழுந்தால் அது ஒரு கையை நீட்டும். நான் குனிந்தால் முகத்தில் தண்ணீரைப் பீய்ச்சும்.

"உன் சென்ட் அதுக்குப் புடிக்கலடீ."

"நான் சென்ட்டே போடறதில்ல."

"அப்போ உன்னையேதான் புடிக்கல."

அந்த நாளை மறக்க முடியவில்லை. நரம்பு ஆய்வுக்காக அதன் கை நுனியில் சிறு துண்டு எடுக்க வேண்டும். அதற்கு முன்பெல்லாம் ஐஸ் தண்ணீரில் போட்டு, அடங்கியதும் வெட்டுவார்கள். மயக்கிவிட்டுத்தான் வெட்ட வேண்டும் என்று எலிக்கும் மீனுக்கும் இருந்த விதி முதுகெலும்பில்லாத இதற்கு எங்கள் ஆய்வகத்தில் இல்லை. நீதான் சண்டை போட்டு, கடல்நீரில் மெக்னீசியம் குளோரைடும் கொஞ்சம் ஸ்பிரிட்டும் சிறிது சிறிதாகக் கலந்து மயக்கலாம் என்று சம்மதம் வாங்கியிருந்தாய். உன் விரலை அது பிடித்துக்கொண்டிருந்தது. உடம்பு வெளுத்தது.

"வெளுத்துடுச்சில்ல? ஸ்டார்ட் மாடி" என்றார் துறைத் தலைவர். அவசரம் வந்தால் அவருக்குக் கன்னடமும் வந்துவிடும்.

"பயந்தாலும் வெளுக்கும் சார். இன்னும் என் விரல விடல."

நீ சொன்னதில் முதல் வாக்கியம் என் வாயிலும் தயாராக இருந்தது என்பது உனக்குத் தெரியாது. அதே கட்டுரைகளை நானும் படித்திருந்தேன். நீ அரை நொடி முந்திக்கொண்டாய், அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்தச் செய்முறை உன்னுடையது ஆனது. அதன் கையிலுள்ள உறிஞ்சிகள் ஒவ்வொன்றாகத் தாமாகவே விரலை விடும்வரை காத்திருப்பாய். பிறகு கை நுனியைக் கிள்ளிப் பார்ப்பாய். அது இழுத்துக்கொண்டால் மறுபடியும் காத்திருப்பாய். பொறுக்கத் தெரிந்தவள் என்று உனக்குப் பெயர். அந்த நேரமெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு மருந்தை ஊற்றியது நான்.

ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்க்க வந்தபோதும் அப்படித்தான். இட்லியை ஊட்டுவதற்குள், "அதுக்கு நண்டு போட்டியா?" என்றாய்.

"ஒரு தரமாவது என்னக் கேளு, எப்படி இருக்கேன்னு."

"உனக்கு வாய் இருக்கு, நீயே புலம்பிடுவ. அதுக்கு?"

அன்று வீடு வரும்வரை ஒரு ஆக்டோபஸ்மேல் பொறாமையோடு வந்தேன்.

இன்று காலை புதிதாக வந்த ஆக்டோபஸுக்கு அதை நான் செய்ய வேண்டியிருந்தது. நீ போனபிறகு முதல் தடவை. பாதி மயக்கத்தில் வெட்டிவிடுவேனோ என்று பயம். அசையாமல் கிடப்பதும் வலி தெரியாமல் கிடப்பதும் ஒன்றல்ல. தெரிந்தாலும் அது கத்தாது. விரலை நீட்டினேன். வரவில்லை. எடுக்காமல் வைத்திருந்தேன். வெகுநேரம் கழித்து ஒரு கை ஊர்ந்து வந்து சுற்றிக்கொண்டது. மருந்தை நானே கலந்தேன். வெளுத்தது. தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. கடைசி உறிஞ்சியும் விட்டது. கிள்ளினேன், இழுக்கவில்லை. மூச்சு மட்டும் மெல்ல ஓடியது. வெட்டி முடித்துப் புதுத் தண்ணீருக்கு மாற்றினேன்.

"வெரி குட்மா. அவங்களே செஞ்ச மாதிரி இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

பார்த்தாயா? இதுவும் உனக்குத்தான் போயிற்று. ஒரு வருடமாக இல்லாதவள் வந்து வாங்கிக்கொண்டு போகிறாய். சண்டை போடலாம் என்றால் எங்கே வருவது?

சரி, முறை உன்னுடையதாகவே இருக்கட்டும், பாராட்டும் உனக்கே. ஆனால் எல்லோரும் சாப்பிடப் போனபிறகு நான் தொட்டியருகில் உட்கார்ந்திருந்தேன். வெளுத்த உடம்பில் பழுப்பு மெல்ல ஏறியது. கண் திறந்து அது முதலில் பார்த்தது என்னை. அதை மட்டும் உனக்கு விட்டுத்தர மாட்டேன்டீ.