பசியாறாமல் விழுங்கிய மாத்திரை

என் உயிரான அக்காவுக்கு,

நலமா என்று கேட்க வாய் வரவில்லை. உன்மேல் அவ்வளவு கோபமாக இருக்கிறேன். நீ போய் இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் எனக்கு எல்லாம் புரிகிறது. புரியப் புரிய ஆத்திரம்தான் கூடுகிறது.

உனக்கு மூச்சு இழுப்புக்குக் கொடுத்தார்களே, அதே சின்ன வெள்ளை மாத்திரையை இப்போது நான் விழுங்குகிறேன். எனக்கு மூட்டு வீக்கம். முகம் உனக்கு ஆனதுபோலவே வட்டமாகிவிட்டது. தையல் ஃபேக்டரியில், "சதை போட்டுட்ட, வீட்டுல நல்ல சாப்பாடு போல லா" என்று சிரிக்கிறார்கள். வயிறு எரிவது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஈப்போ ஆஸ்பத்திரியில் ஒரு மலாய்க்கார நர்ஸ் முதல் நாளே சொல்லிவிட்டாள்: "மாக்கான் டூலு, பாரு ஊபாட்." முதலில் சாப்பாடு, பிறகுதான் மருந்து. உனக்கும் சொல்லித்தான் இருப்பார்கள், காலையில் பசியாறிய பிறகு போடு என்று. ஆனால் செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நமக்குக் காலை என்பது எது? இருட்டிலேயே பெரட்டுக்குப் போய் நின்று பேர் கொடுக்க வேண்டும். மரம் சீவி முடித்து, வெயில் ஏறிய பிறகுதான் பசியாற உட்காருவோம். நீ காலை என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, பெரட்டுக்குக் கிளம்பும்போதே பால் விடாத வெறும் கோப்பி-ஓவில் மாத்திரையை விழுங்கினாய். சாப்பிட உட்காரும்போது போட்டிருக்கக் கூடாதா அக்கா?

வழியில் பார்த்தவர்களெல்லாம் "பசியாறியாச்சா?" என்று கேட்டார்கள். நீயும் "ஆச்சு" என்றாய். ஒருவராவது நின்று உன் முகத்தைப் பார்த்தார்களா?

எரிச்சல் தாங்காமல் நீ துவண்டபோது உன் மாமியார் தீர்ப்புச் சொன்னார். "மாத்திரை சூடு. தைப்பூச விரதத்தோட நிறுத்திடு. பால்குடம் எடு, முருகன் பாத்துக்குவான்." நீயும் ஒரேயடியாக நிறுத்தினாய். வாந்தி எடுத்து மரத்தடியில் சாய்ந்தவளை, விரத மயக்கம் என்று திருநீறு பூசிப் படுக்க வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லாரி கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியபோது நீ இல்லை.

இந்த மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டால், உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்க மறந்துவிடுமாம். திடீரென்று நிறுத்தினால் ஆளையே சாய்த்துவிடுமாம். டாக்டர் இதைச் சொன்னபோது அங்கேயே கத்திவிட்டேன். பாவம், அவரைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள். ஒவ்வொரு முறை குறைக்கும்போதும் உடம்பு அடித்துப் போட்டதுபோல் வலிக்கிறது, வயிறு குமட்டுகிறது. கஞ்சி குடித்துவிட்டுத்தான் மாத்திரை. வயிற்றுக்குச் சுண்ணாம்பு மாதிரி ஒரு வெள்ளை மருந்தும் உண்டு. மிளகாய்ச் சம்பலைத் தொடுவதில்லை, கோப்பி-ஓவையும் விட்டாயிற்று. போன மாதம் எரிச்சல் மிஞ்சியபோது நான் மாத்திரையை நிறுத்தவில்லை. பஸ் ஏறிப் போய் டாக்டரிடம் சண்டை பிடித்தேன். அவர் வயிற்றுக்கு வேறு மருந்து கொடுத்து, குறைப்பதையும் இன்னும் மெதுவாக்கினார்.

கஞ்சி வைத்துக் கொடுப்பது உன் மகள். உனக்குப் பிறகு அவளுக்கு நான் ஒருத்திதான். நானும் போனால்?

போன வாரம் உன் மாமியார் அவளைப் பார்க்க வந்தார். மாத்திரைப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, "வயித்துக்கு ஒத்துக்கலன்னா விட்டுரு லா. தைப்பூசம் வருது, விரதம் இரு" என்றார். அதே வாய், அக்கா!

"ஒருத்திய அனுப்பினது பத்தலயா அத்தை?" என்று கேட்டேன்.

"எனக்கு என்னா தெரியும் ஆயி, நல்லதுக்குத்தானே சொன்னேன்" என்று அழுதார். நான் சமாதானம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். உன் மகள்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

நீ எடுக்காமல் போன அந்தப் பால்குடம் என்னிடம்தான் இருக்கிறது. இந்தத் தைப்பூசத்துக்கு அதை நான் எடுப்பேன். வயிறு நிறையக் கஞ்சி குடித்து, மாத்திரை போட்டு, அதன் பிறகுதான் தலையில் வைப்பேன். உன் மாமியார் முன்னால் நின்று பார்க்கட்டும். முருகன் ஏன் என்று கேட்டால், என் அக்கா உனக்காகப் பட்டினி கிடந்தது போதும் என்று சொல்வேன். டாக்டர் போதும் என்னும்வரை ஒரு வேளையும் விடமாட்டேன், அக்கா. உன் மகள்மேல் சத்தியம்.

பசியாறிவிட்டு எழுதும்
உன் தங்கச்சி,
சரசு