இரண்டு மணி நேரம் என்று சொன்னது

ஜூன் 9, திங்கள்

காலை எட்டு மணிக்கே வெயில் சுடுகிறது. கடைக்கு நைட்டி மூட்டை இரண்டு வந்தது. பிரிக்க நேரமில்லை. மகள் யாழினியை அழைத்துக்கொண்டு சிட்லபாக்கம் தெரபி சென்டர்.

புதிதாக ஒரு பெண் போட்டிருக்கிறார்கள். பெயர் தர்ஷினி. பொத்தேரி காலேஜில் ஆக்குபேஷனல் தெரபி படிப்பு, இப்போது இன்டர்ன்ஷிப். துணியைத் திருப்பித் தையல் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தேன். முக்கால் மணி நேரம் தரையிலேயே உட்கார்ந்து யாழினியோடு மல்லுக்கட்டினாள். ஒரு தடவைகூட போனைத் தொடவில்லை. தேறும்.

யாழினிக்கு ஐந்து வயது. பிறந்ததிலிருந்தே இடது பக்கம் பலம் குறைவு. இடது கை என்று ஒன்று இருப்பதையே அவள் கணக்கில் எடுப்பதில்லை. எல்லாம் வலது கைதான்.

தர்ஷினியின் திட்டம்: வலது கைக்கு உறை மாட்டிவிட வேண்டும். தினமும் இரண்டு மணி நேரம். வேறு வழியில்லாமல் இடது கை வேலைக்கு வரும். உறையை அவளே பழைய சாக்ஸில் தைத்திருக்கிறாள். தையல் படுமோசம். நைட்டித் துண்டில் நான் தைத்துக்கொள்கிறேன் என்றேன்.

போய்ச் சேர வேண்டிய இடம்: டிபன் டப்பா. பள்ளியில் ஆயாதான் திறந்து தருகிறார். யாழினி இடது கையால் டப்பாவை அழுத்திப் பிடித்து, வலது கையால் மூடியைத் திறக்க வேண்டும். 20ஆம் தேதி மேடம் சோதித்துப் பார்ப்பார். மேடம்தான் தர்ஷினிக்கு மேலதிகாரி. யாழினிதான் தர்ஷினியின் கேஸ். சரியாக வந்தால் அவளுக்கு இங்கே போஸ்டிங், அதாவது பயிற்சிக் காலம், முடிந்தது. கேஸை மேடம் ஏற்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

“அக்கா, தினமும் எவ்ளோ நேரம் போட்டீங்கன்னு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க. ஷீட்ல நான் எழுதிக்கிறேன்.”

“கரெக்டா அனுப்புவேம்மா. எங்கிட்ட பேச்சு ஒண்ணுதான்.”

ஜூன் 11, புதன்

புழுக்கம். மழை வருவதுபோல் வந்து ஏமாற்றியது.

பள்ளி விட்டதும் யா. கடைக்கு வந்துவிடுவாள், கடை மூடும்வரை இங்கேதான். ஐந்து மணிக்கு உறை மாட்டினேன். பூப்போட்ட துணி, அழகாகவே இருந்தது. ஐந்து நிமிடத்தில் மூன்று பேர் கேட்டாயிற்று.

“இன்னா செல்வி, கொழந்தைக்கு கை சுட்டுகிச்சா?”

“அய்யய்யோ, கட்டு போட்டுகினு கீது பாரு!”

விளக்கம் சொல்லி மாளவில்லை. இதற்கிடையில் யா. ஒரு துணிக்கவரை இடது கையால் இழுத்து எடுத்து, வாங்க வந்த அம்மாளிடம் நீட்டினாள். அந்த அம்மாள் முகம் சுருங்கியது. என் வாய் தானாகத் திறந்தது.

“பீச்சாங்கைல குடுக்காதடீ! சோத்தாங்கைல குடு.”

குழந்தை உறை போட்ட வலது கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கவர் கீழே விழுந்தது. உறையைக் கழற்றிவிட்டேன்.

மெசேஜ்: “இன்னிக்கு ரெண்டு மணி நேரம் ஆச்சும்மா.”

ஏன் அப்படிச் சொன்னேன், தெரியவில்லை. ‘சாயம் போகுமா’ என்று கேட்டால் ‘போகாது’ என்று வாய் சொல்வதுபோல் வந்துவிட்டது.

ஜூன் 15, ஞாயிறு

கடையில் நிற்க இடமில்லை. சுமதி லீவு. இருப்பதே ஒரு வேலைக்காரி, அவளுக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் காதுகுத்து வரும்.

சொன்னது: வியாழன் 2, வெள்ளி 2, சனி 2.
நடந்தது: வியாழன் 20 நிமிடம். வெள்ளி இல்லை. சனி இல்லை.

த. பதில் அனுப்பியிருக்கிறாள்: “சூப்பர் அக்கா! இப்படி ஒரு பேரன்ட் கிடைச்சது என் லக். நாளைலேருந்து கஷ்டமான லெவல் குடுக்கறேன்.”

அதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்ட என் வீட்டுக்காரர்: “ஊரையே கறாரா பேசறவ, அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் ஏன் புருடா வுடற?”

“நீ வந்து கடையில நில்லு. அப்ப தெரியும்.”

சண்டை. ரசம் ஆறிப்போனது.

வாங்க: யா. ஷூ பாலிஷ், கொசுவத்தி, கடைக்கு பில் புக்.

ஜூன் 20, வெள்ளி

எழுதவே கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

மேடம் யாழினி முன்னால் டப்பாவை வைத்தார். உறை இல்லை, இரண்டு கையும் சும்மா. யா. வலது கையால் மூடியை நெம்பினாள். டப்பா வழுக்கிக்கொண்டு ஓடியது. இடது கை முதுகுக்குப் பின்னால்.

“அந்தக் கையால பிடிச்சுக்கோடா கண்ணு.”

யா. மாட்டேன் என்று தலையாட்டினாள். “அது பீச்சாங்கை. நீட்டினா அம்மா திட்டும்.”

மேடம் ஷீட்டை எடுத்தார். பத்து நாளும் இரண்டு, இரண்டு, இரண்டு. எல்லாம் தர்ஷினி கையெழுத்து.

“ஒரு நாள் காய்ச்சல் இல்ல, ஒரு நாள் அடம் இல்ல. எந்த வீட்ல இப்படி நடக்கும்? நீயே உக்காந்து ரொப்பினியா?”

“இல்ல மேம். அம்மா சொன்னதைத்தான் எழுதினேன்.”

மேடம் என் பக்கம் திரும்பினார். “அப்படியாம்மா?”

அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்தது இது: “ஆமா மேடம்... கொஞ்சம் முன்னபின்ன இருக்கும்.”

முன்னபின்ன. அளவு சரியில்லாத நைட்டியைத் தலையில் கட்டும்போது சொல்கிற வார்த்தை.

தர்ஷினி என்னையே பார்த்தாள். மேடம் ஃபைலை மூடினார். கேஸ் ஏற்க முடியாது, இன்னும் ஒரு மாதம் போஸ்டிங், வேறு குழந்தை. தர்ஷினி பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நானும் யாழினியும் ஆட்டோ பிடித்தோம். வழியெல்லாம் யா. கேட்டுக்கொண்டே வந்தாள். “தர்ஷினிக்கா அழுதாங்களா?”

ஜூன் 21, சனி

த.விடமிருந்து மெசேஜ் இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

பிளாட்பாரத்தில் தார்ப்பாய் விரித்து உள்பாவாடை விற்ற காலத்திலிருந்து இன்றுவரை, என்னால் இன்னொருத்தர் வேலை கெட்டது கிடையாது. கெடுத்துவிட்டேன். அழுது ஆவதொன்றுமில்லை. திங்கட்கிழமை போகிறேன். கடையை யார் பார்ப்பார்கள் என்பது பிறகு.

ஜூன் 23, திங்கள்

சுமதியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஒன்பதரைக்கே சென்டரில். தர்ஷினியும் அங்கே. மேடத்திடம் நின்றபடியே சொன்னேன்.

“நான் சொன்னது பொய் மேடம். பத்து நாள்ல மொத்தமா ஒரு மணி நேரம்கூட உறை போடல. கடையில அந்தக் கையால குடுத்தா வர்றவங்க மூஞ்சி சுளிக்கிறாங்க. நானே புள்ளைய திட்டினேன். இந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல.”

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். “இருக்கு. பேரன்ட் சொன்னா அப்படியே எழுதிடறதா? ஒரு வீடியோ கேட்டிருக்கலாம். ஒரு நாள் நேர்ல போய் பாத்திருக்கலாம்.”

“சரி, பாதித் தப்பு. அப்ப ஒரு மாசத்தைப் பாதியாக்குங்க. ரெண்டு வாரம். யாழினியே கேஸ்.”

“இது கடை இல்லம்மா.”

“தெரியும் மேடம். ஆனா நான் கடைக்காரி, கேக்காம போக மாட்டேன்.”

மேடத்துக்குச் சிரிப்பு வந்ததை ஃபைலால் மறைத்தார். ஜூலை 7 என்றார். ஷீட்டில் ஒரு நிமிடம் பொய் இருந்தாலும் அத்தோடு முடிந்தது என்றார்.

வெளியே வந்ததும் தர்ஷினி: “கோவம் இருக்கு அக்கா. நெறைய இருக்கு. இப்ப அதுக்கு டைம் இல்ல. நாளைக்குக் கடைக்கு வரேன்.”

ஜூன் 24, செவ்வாய்

நாலரைக்கு வந்தாள். ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒரு மணி நேரம் வேடிக்கை. பிறகு சொன்னாள்.

“வீட்ல செய்யத் தனியா நேரம் கிடைக்காது உங்களுக்கு. இங்கயே செய்வோம். கவரை எல்லாம் யாழினி குடுக்கட்டும். உறை போட்டு. இடது கையால.”

“அடிப் பாவி, வியாபாரத்தையே மூடச் சொல்றியா?”

“ஜூலை ஏழு, அக்கா.”

சரி என்றேன். ஒரே ஒரு நிபந்தனை: பள்ளி லீவு நாளில் காலை போணி மட்டும் நான்தான் கொடுப்பேன், என் கையால்தான். ஒப்புக்கொண்டாள்.

ஆறு மணிக்கு பெருங்களத்தூர் டெய்லரம்மா, பழைய வாடிக்கை. யா. கவரைத் தூக்க முடியாமல் தூக்கி, நெஞ்சோடு அணைத்து, இடது கையை நீட்டினாள்.

“இன்னா செல்வி, பீச்சாங்கைல குடுக்க வுட்டுகினு கீற? லட்சுமி நிக்குமா?”

“அதாங்க்கா அவளுக்கு வேலை செய்ய வேண்டிய கை. வாங்கிக்கோ. வேணான்னா துணிய வச்சுட்டுப் போ.”

தர்ஷினி தலையைக் குனிந்துகொண்டாள். டெய்லரம்மா பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். பிறகு குனிந்து, “குடு ராஜாத்தி” என்று வாங்கினார்.

இன்று: 50 நிமிடம். மெசேஜில் அதையேதான் சொன்னேன்.

ஜூன் 30, திங்கள்

மழை. கூட்டமில்லை. யா.வுக்குச் சளி. 24 முதல்: 50, 35, 70, 0, 25, 90. இன்று 15. இரண்டு வாடிக்கை பக்கத்துக் கடைக்குப் போய்விட்டதாக சுமதி வத்தி வைத்தாள். போகட்டும்.

ஜூலை 7, திங்கள்

டப்பா முதல் தடவை வழுக்கியது. இரண்டாம் தடவை கீழே விழுந்தது. நான் எழுந்தேன். தர்ஷினி கண்ணாலேயே உட்கார வைத்தாள். மூன்றாம் தடவை யா. இடது கையை டப்பா மேல் வைத்து, உடம்பையே சாய்த்து அழுத்தினாள். விரல் விரியவில்லை, முஷ்டியாகவே அழுத்தினாள். டக்கென்று மூடி வந்தது. எலுமிச்சை சாதம் மடியெல்லாம்.

மேடம் ஷீட்டை மேலிருந்து கீழே படித்தார். ‘0’ என்று இருந்த இடத்தில் விரல் நின்றது.

“இது வீடு மாதிரி இருக்கு.”

கையெழுத்துப் போட்டார். தர்ஷினி பாத்ரூம் போய் பத்து நிமிடம் கழித்து வந்தாள், முகம் கழுவி. அடுத்த போஸ்டிங் வேறு ஊர். பஸ் ஸ்டாண்டுவரை கூடவே போனேன். ஏறும்போது, “பொய் சொல்லாதீங்கக்கா” என்றாள். “போடி” என்றேன்.

ஜூலை 13, ஞாயிறு

கடை நிறைய ஆள். வந்து ஷீட் கேட்க இனி யாரும் இல்லை. பில் புக் பின்னட்டையில் நானே கோடு போட்டுக்கொண்டேன்.

4.10 முதல் 4.45. முப்பத்தைந்து நிமிடம் உறை. யா. அழுதாள். கழற்றிவிட்டேன்.