மூன்றாவது ஆள்

அண்ணை,

இன்று வேலை முடிந்து படியேறும்போது கீழ்வீட்டில் யாரோ பீட்ரூட்டும் முட்டைக்கோவாவும் அவித்துக்கொண்டிருந்தார்கள். சுவிஸில், இந்த வின்டர்தூரில் இத்தனை வருடம் இருந்தும் அந்த மணத்துக்கு நான் பழகவில்லை. டாவோஸில் நாங்கள் வேலை செய்த ஹோட்டலின் மேல்மாடி அறையில் நீங்கள் வைத்த சூப்பின் மணம் அது. சோவியத் சரக்குக் கப்பலில் பழகிய சமையல் என்பீர்கள். அதில் மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டுவிட்டு, ரஷ்யர்களுக்கு நாக்கே கிடையாது என்று பழியும் சொல்வீர்கள்.

ஒடேசாவில் கப்பல் எஞ்சின் படித்து, எஞ்சின் அறையில் எண்ணெயும் வேர்வையுமாக நின்ற நீங்கள், எண்பதுகளின் நடுவில் என்னோடு கோப்பை கழுவிக்கொண்டிருந்தீர்கள். கழுவும் இயந்திரம் கொஞ்சம் இரைந்தாலும் காதைக் கொடுத்துக் கேட்டு, "இவளுக்குப் பேரிங் போச்சு" என்பீர்கள்.

ஓய்வு நாளில் வெளியே கூப்பிட்டால்தான் சண்டை. "ரெண்டு பேர் காணாது. இன்னொரு ஆளைப் பிடி." கப்பலில் அப்படித்தானாம். அண்ட்வெர்ப் துறைமுகத்தில் சரக்கு இறக்கும்போது ஊர் பார்க்க மூன்று பேராய் இறங்கி, மூன்று பேராய்த் திரும்ப வேண்டும். ஒருவர் ஓடிவிட்டால் மற்ற இருவரும் பதில் சொல்ல வேண்டும். அந்தச் சட்டத்தை வாய் நிறையத் திட்டியவரும் நீங்கள்தான்.

"இது கப்பல் இல்லை அண்ணை. இஞ்சை ஆர் எங்களை எண்ணுறது?"

"அதுதானடா பயம். நான் திரும்பாட்டி இஞ்சை ஆரைக் கேப்பாங்கள்?"

நான் சிரித்தேன். பிறகு இருவருமாகவே ஏரியைச் சுற்றிவிட்டு வந்தோம்.

உங்கள் அகதி விண்ணப்பத்தை மறுத்து நெகட்டிவ் வந்த கிழமை, ரைன் நதியிலுள்ள பாசல் துறைமுகத்தில் ஏதாவது கப்பல் பிடிக்கிறேன் என்று பையைத் தூக்கினீர்கள். ரயிலடியில், "நானும் வாறன்" என்றேன்.

"உனக்கு இன்னும் முடிவு வரேல்லை. நீ நில்." ஏறி நின்று திரும்பிப் பார்த்தீர்கள். "தனியப் போறன், பாத்தியே?"

நீங்கள் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயமாக இருந்தது.

அடுத்த நாள் சமையலறை ஷெப், நீங்கள் எங்கே என்று கேட்டார். தெரியாது என்றேன். பின்னேரமே வேறு ஆள் வந்துவிட்டான். அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை. பல வருடம் கழித்து ஒரு கலியாண வீட்டில், நீங்கள் ஹம்பேர்க்கில் இறந்துவிட்டதாக யாரோ சொன்னார். கப்பல் கிடைத்ததா என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

இப்போது மகள் வெளிக்கிட்டால், "ஆரோடை போறாய்?" என்று கேட்காமல் இருக்க முடிவதில்லை.

"தனியத்தான். ஏனப்பா?"

கதவைத் திறந்து விடுகிறேன். நீங்கள் திரும்பவில்லை, அண்ணை. பதில் சொல்ல நான் இன்னும் நிற்கிறேன். கேட்கத்தான் ஒருவரும் இல்லை.